பதினாலு இஞ்சு டி.வி.யில் ஜெயப்பிரியா

பழனி
3 மார்ச் 2014

மதினிக்கு,

குமாரவேல் எழுதுகிறேன். எப்படி இருக்கிறீர்கள் என்று முதல் வரியில் எழுதி அடித்துவிட்டேன். தங்கச்சியைப் பறிகொடுத்தவர் எப்படி இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாதா? பெண்டாட்டியைப் பறிகொடுத்த நான் எப்படி இருக்கிறேன் என்று உங்களுக்கும் தெரியும். நீங்கள் போனை எடுத்திருந்தால் இந்தக் காகிதமே வேண்டியிருக்காது. மன்னவனூரில் டவர் கிடைப்பதில்லை என்று அண்ணன் சொல்கிறார். பூண்டு விலை கேட்க மட்டும் எப்படிக் கிடைக்கிறது என்று நான் கேட்கவில்லை.

இதோடு ஒரு டிவிடி வைத்திருக்கிறேன். போன வருஷம் தை மாசம் அடிவாரத்து மண்டபத்தில் சுகன்யாவுக்குக் காது குத்தினோமே, அந்த வீடியோ. உங்கள் மாமனார் தவறிப்போன தீட்டினால் நீங்களும் அண்ணனும் வர முடியவில்லை. ஊரார் வீட்டுக் காதுகுத்து, மொட்டை, கல்யாணம் எல்லாவற்றையும் எடுத்து மிக்சிங் செய்து கொடுக்கிறவன், சொந்தப் பிள்ளையுடையதை மட்டும் அப்படியே போட்டு வைத்திருந்தேன். வீட்டுச் சோலிதானே, அப்புறம் பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன். ஐப்பசியில் ஜெயா போன பிறகு அந்த ஹார்டு டிஸ்க்கைத் தொடக் கை வரவில்லை.

பொங்கலுக்கு அங்கே வந்தபோது சுகன்யா என் மடியில் உட்கார்ந்து, “அம்மா மூஞ்சி மறந்து மறந்து போகுதுப்பா” என்றாள். நாலு வயசுப் பிள்ளை அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டது. எனக்குத்தான் மலை இறங்கும்வரை அடங்கவில்லை. அதற்காகத்தான் உட்கார்ந்து முடித்தேன். நல்ல டிஸ்க்காக வாங்கி, மெதுவான வேகத்தில் எழுதியிருக்கிறேன். அவசரமாக எழுதினால் உங்கள் பழைய பிளேயரில் பாதியில் நின்று நின்று போகும்.

இன்னொரு விஷயம். ஒரு மாசம் என்னோடு இருக்கட்டும் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். அப்போது எனக்கும் அது உதவியாகத்தான் இருந்தது, மறக்கவில்லை. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். இங்கே எல்.கே.ஜி.யில் இடம் சொல்லி வைத்துவிட்டேன். காலையில் நானே கிளப்பிவிடுவேன், மதியம் கடைக்கே வந்துவிடுவாள். சித்திரையில் வந்து கூட்டிக்கொள்கிறேன். எனக்கு அவளை விட்டால் யாரும் இல்லை மதினி.

ஒட்டன்சத்திரம் மண்டிக்குக் கேரட் இறக்க வரும் பழனிமுத்துவின் லாரியில் இதைக் கொடுத்துவிடுகிறேன். பதிலையும் அவரிடமே கொடுங்கள்.

குமாரவேல்


மன்னவனூர்
11 மார்ச் 2014

குமாரவேலுக்கு,

எப்போதும் போலத் தம்பி என்று எழுதக் கை ஓடவில்லை. புரிந்துகொள்ளுங்கள்.

டிவிடி வந்தது. கரண்டு வரும்வரை காத்திருந்து, அடுப்பை அணைத்துவிட்டு, சுகன்யாவை மடியில் வைத்துக்கொண்டு போட்டேன். என் பையன்கள் ரெண்டு பேரும் கொடைக்கானல் ஹாஸ்டலில் இருப்பது நல்லதாகப் போயிற்று. நான் அழுத அழுகையை அவர்கள் கேட்கவில்லை.

என்ன கோலம் அது? கன்னம் ஒட்டி, கழுத்து நீண்டு, கை ரெண்டும் குச்சி குச்சியாக! அதற்கு முந்தின தீபாவளிக்கு இங்கே வந்தபோது என் ரவிக்கையைப் போட்டுக்கொண்டு, “அக்கா, உனக்கும் எனக்கும் ஒரே அளவு, இனி ஒருத்திக்குத் தைச்சாப் போதும்” என்று சிரித்தவள். தைக்குள் பாதி ஆளாகிவிட்டாளே. ஆடி மாசம்தான் வயிறு வலிக்கிறது என்றாள், உடனே மதுரைக்குக் கூட்டிப்போனேன் என்று எங்கள் அப்பா முன்னால் சத்தியம் செய்தீர்கள். தையிலேயே இப்படி இருந்தவளை ஆடி வரைக்கும் எப்படி விட்டு வைத்தீர்கள்? நான் அவளை ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் அடுத்துப் பார்த்தேன். அதே முகம்தான் இதில் இருக்கிறது. பொட்டும் பூவும் மட்டும் கூட.

எங்கள் தம்பி செந்தில்வேலுக்குத் திருப்பூருக்குப் போன் போட்டேன். தாய்மாமன் என்று மடியில் பிள்ளையை வைத்துக் காது குத்தினவன் அவன்தானே. “நல்லாத்தான்க்கா இருந்தா” என்றான். அவனுக்கு என்ன தெரியும்? பந்தியில் அப்பளம் போட்டார்களா என்று கேட்டால் சொல்லுவான்.

சுகன்யா ஓடிப்போய் டி.வி. கண்ணாடியைத் தடவி “அம்மா, அம்மா” என்றாள். பிள்ளைக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. கண்ணிலேயே கேமராவை வைத்துக்கொண்டு திரிந்தவருக்குத் தெரியவில்லையாக்கும்.

ஒரு வீட்டில் இருந்துகொண்டு பெண்டாட்டி உருகிப்போவது தெரியாத மனுசனிடம் பச்சைப்பிள்ளையை நம்பி எப்படி விடுவேன்? நாளைக்கு அதற்குக் காய்ச்சல் என்றால் யாருக்குத் தெரியும்? சித்திரையும் வேண்டாம், வைகாசியும் வேண்டாம். இந்த மலையிலும் பள்ளிக்கூடம் இருக்கிறது.

புவனா


பழனி
15 மார்ச் 2014

மதினிக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். கஸ்டமர் எதிரில் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் அவர் பேசியது எதுவும் காதில் விழவில்லை.

ஜெயா அப்படி இல்லை. சத்தியமாக இல்லை. அது படத்தின் கோளாறு. என் புத்திக் கோளாறு என்றும் சொல்லலாம்.

கோபப்படாமல் கேளுங்கள். இப்போது வரும் டி.வி. எல்லாம் அகலம். நான் எடுப்பதும் அகலப் படம். ஆனால் டிவிடியில் அகலப் படத்தை ரெண்டு பக்கமும் நெருக்கித்தான் எழுத முடியும். போடும்போது விரித்துக் காட்டு என்று ஒரு குறிப்பும் கூடவே எழுதுவோம். அகல டி.வி. அதை விரித்துவிடும். உங்கள் வீட்டில் இருப்பது கவர்மெண்டு கொடுத்த பதினாலு இஞ்சு பெட்டி டி.வி. உங்கள் பிளேயரோ அகல டி.வி. இருப்பதாக நினைத்துக்கொண்டு, நெருக்கிய படத்தை அப்படியே அனுப்பிவிடுகிறது. பெட்டி அதை நெருக்கினபடியே காட்டுகிறது. அதனால் எல்லாரும் ஒல்லியாக, நெட்டையாகத் தெரிவார்கள். பெட்டி டி.வி. வைத்திருக்கிற கஸ்டமருக்கு நான் கேட்டுக் கேட்டு வேறு மாதிரி எழுதிக் கொடுப்பேன். சொந்த வீட்டுக்கு அனுப்பும்போது கேட்கத் தோன்றவில்லை.

நம்பாவிட்டால் இன்னொரு தரம் போட்டுப் பாருங்கள். ஜெயாவைப் பார்க்காதீர்கள். செந்தில்வேலைப் பாருங்கள். அவன் தொப்பை எங்கே? சீர் கொண்டு வருகிற தாம்பாளங்களைப் பாருங்கள். நம் ஊர்த் தாம்பாளம் வட்டமாக இருக்குமா, முட்டை மாதிரி இருக்குமா?

ரிமோட்டில் ‘செட்டப்’ என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் டி.வி. எந்த மாதிரி என்று கேட்கும். ‘4:3’ என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். அது முடியாவிட்டால் என்று இன்னொரு டிஸ்க்கும் வைத்திருக்கிறேன். இதில் மேலேயும் கீழேயும் கருப்புப் பட்டை விட்டு, நடுவில் படம் சரியான அளவில் வரும்.

பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள். வேறு என்ன வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளுங்கள்.

குமாரவேல்


மன்னவனூர்
24 மார்ச் 2014

தம்பிக்கு,

தாம்பாளம் முட்டையாகத்தான் இருக்கிறது. செந்தில்வேலுக்கும் தொப்பை இல்லை. உங்கள் சகலையைக் கூப்பிட்டுக் காட்டினேன். “ஆமாம்ல, கோபுரமே ஒல்லியா நிக்குது” என்றார். சொன்னது பொய்யில்லை என்று ஒத்துக்கொள்கிறேன். அதற்காக ஒரேயடியாகக் குதிக்க வேண்டாம்.

ரிமோட் செத்துப் பல மாசம் ஆகிறது. என் சின்னவன் அதை வைத்துக் கிரிக்கெட் ஆடினான். ரெண்டாவது டிஸ்க்கைப் போட்டேன். மேலே கருப்பு, கீழே கருப்பு, நடுவில் ஒரு சந்து. அந்தச் சந்துக்குள் அத்தனை சனம். ஒவ்வொரு தலையும் மொச்சைப்பருப்பு அளவு. ஜெயா எங்கே என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். பச்சைச் சேலை ஒன்று ஓரமாகப் போகிறது, வருகிறது. சுகன்யா அலுத்துப்போய், “அம்மா ரொம்பத் தூரமாப் போறாங்க” என்று எழுந்து போய்விட்டாள். முதல் டிஸ்க்கைப் போடச் சொல்லி அடம். நான் அதை எடுத்து அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். எனக்கு அந்த முகத்தை மறுபடியும் பார்க்கத் தெம்பில்லை.

தம்பி, நான் ஒன்றும் கல் இல்லை. பிள்ளைக்கு அப்பன் வேண்டாம் என்று சொல்கிறவளும் இல்லை. அவள் வந்ததிலிருந்து இந்த வீட்டில் வளையல் சத்தம் கேட்கிறது, அது எனக்குப் பழகிப்போய்விட்டது, அதுவும் உண்மைதான். ஆனால் என்னை அரிப்பது வேறு. என் தங்கச்சிக்கு வலித்தபோது நீங்கள் பார்த்தும் பார்க்காமல் இருந்தீர்களா, இல்லை நிஜமாகவே அப்போது வலி இல்லையா? அது தெரியாமல் என்னால் சோறு திங்க முடியவில்லை.

அவள் முகம் எனக்குப் பெரிதாக, சரியாகத் தெரிய வேண்டும். கூடப் பிறந்தவள், பார்த்தால் சொல்லிவிடுவேன். அதில் அவள் நன்றாக இருந்தால், நானே சுகன்யாவைக் கூட்டிக்கொண்டு வந்து உங்கள் வாசலில் விடுகிறேன். இல்லாவிட்டால் கேட்காதீர்கள். இதுதான் என் முடிவு.

புவனா


பழனி
2 ஏப்ரல் 2014

மதினிக்கு,

நீங்கள் தம்பி என்று எழுதியிருந்தது போதும் எனக்கு.

முகம் பெரிதாக வர வேண்டுமென்றால் கருப்புப் பட்டை இல்லாமல் பெட்டி முழுக்கப் படம் வர வேண்டும். அதற்கு அகலப் படத்தின் ரெண்டு ஓரத்தையும் வெட்ட வேண்டும். கம்ப்யூட்டரில் ஒரே தட்டில் செய்துவிடலாம் என்று நினைத்தேன். செய்தும் பார்த்தேன். முழுசும் போட்டுப் பார்த்தால் ஜெயாவே இல்லை.

அவள் எப்போதும் ஓரத்தில்தான் நிற்கிறாள். நடுவில் பிள்ளை, செந்தில்வேல், ஆசாரி, சீர்த்தட்டு. அவள் ஒரு பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டோ, யாருக்காவது வழிவிட்டுக்கொண்டோ. எங்கேயாவது நடுவில் வந்தால் உடனே நகர்ந்துவிடுகிறாள், எனக்கு மறைக்கக் கூடாது என்று. வீடியோக்காரன் பெண்டாட்டி இல்லையா. நான்தான் அப்படிப் பழக்கி வைத்திருந்தேன்.

அதனால் கையால்தான் செய்ய வேண்டும். பெட்டி டி.வி. அளவுக்கு ஒரு சட்டத்தைப் படத்தின் மேல் வைத்து, அவள் எந்தப் பக்கம் இருக்கிறாளோ அந்தப் பக்கம் அதை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். அவள் நடந்தால் சட்டமும் கூடவே நடக்க வேண்டும். கொஞ்சம் வேகமாகப் போனாலும் பார்க்கிறவருக்குத் தலை சுற்றும், கொஞ்சம் தாமதித்தால் அவள் பாதி முகம் போய்விடும். எச்.டி.யில் எடுத்தது ஒரு நல்லது. டிவிடியின் அளவை விட மூலப்படம் பெரிது, அதனால் ஓரத்தை வெட்டினாலும் தெளிவு குறையாது. எல்லாவற்றையும் ஒரே டிஸ்க்கில் திணித்தால் கூட்டம் வருகிற இடமெல்லாம் கட்டம் கட்டமாக உடையும். ரெண்டு டிஸ்க்காக எழுதுகிறேன்.

பங்குனி உத்திரம், காவடிக்கூட்டம், கல்யாண ஆர்டர் என்று கடையில் நிற்க நேரமில்லை. வெள்ளனே எழுந்து, ஆள் வருவதற்கு முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். சுகன்யாவுக்கு ஒரு கவுன் வைத்திருக்கிறேன். அளவு சரியாக இருக்குமா தெரியவில்லை, வளர்ந்திருப்பாள்.

குமாரவேல்


மன்னவனூர்
14 ஏப்ரல் 2014

தம்பிக்கு,

ஊருக்கெல்லாம் வருஷப்பிறப்பு. நமக்கு இந்த வருஷம் பண்டிகை இல்லை. சும்மா குளித்துவிட்டு விளக்கு ஏற்றினேன்.

கவுன் சின்னது. கை நுழையவில்லை. “அப்பாவுக்கு நான் பெருசானது தெரியாதா?” என்று கேட்டாள். கவுனை மடித்து அலமாரியில் வைத்தேன்.

ஒரு டிஸ்க் எழுத இத்தனை நாளா? அப்படி என்னதான் செய்கிறீர்கள்? சட்டத்தை நகர்த்துகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அந்தச் சோலியெல்லாம் தெரியாதுதான். ஆனால் நகர்த்தத் தெரிந்தவருக்கு வெட்டவும் தெரியும், ஒட்டவும் தெரியும். கல்யாண வீட்டில் சண்டை நடந்தால் அது வீடியோவில் வருகிறதா? எல்லாரும் சிரித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். எனக்கு அந்த மாதிரிச் செய்து அனுப்பாதீர்கள், சொல்லிவிட்டேன்.

உங்கள் சகலைக்கு என் மேல் கோபம். “அவன் பிள்ளைய அவன்கிட்ட விடு, நீ யாரு நடுவுல?” என்கிறார். அவருக்கென்ன, காலையில் தோட்டத்துக்குப் போனால் பொழுது சாயத்தான் வருகிறார். பிள்ளை தூக்கத்தில் தேடுவது என் கையைத்தான்.

வெரசா அனுப்புங்கள். எதுவானாலும் தெரிந்துகொண்டு ஒரு பக்கம் நிற்கிறேன்.

புவனா


பழனி
23 ஏப்ரல் 2014

மதினிக்கு,

ரெண்டு டிஸ்க்கும் இதோடு இருக்கின்றன. படம் பெட்டி முழுக்க வரும். முகம் சரியான அளவில் இருக்கும். ஜெயாவை விட்டு எங்கும் போகாது.

முதல் டிஸ்க்கைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. மொட்டை, காதுகுத்து, சுகன்யா போடும் கூச்சல், செந்தில்வேல் காதைப் பொத்திக்கொள்வது. ஜெயா நன்றாக இருக்கிறாள். நீங்கள் சொன்ன தீபாவளி ஜெயாதான். பூசினாற்போல, உங்களை மாதிரியே. பார்த்துவிட்டு நீங்களே சொல்வீர்கள்.

ரெண்டாவது டிஸ்க்கில் பந்தி வருகிறது. அதைப் பார்ப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

பந்தியை ஒரு மூலையில் நின்று எடுத்திருக்கிறேன். அகலப் படத்தில் மண்டபம் முழுக்க இலை, சாப்பிடுகிற சனம். வலது ஓரத்தில், தண்ணீர் டிரம் பக்கத்தில் ஒரு தூண். யார் கண்ணும் அங்கே போகாது. என் கண்ணும் போகவில்லை. இந்த வேலைக்காகச் சட்டத்தை ஓரத்துக்கு நகர்த்தி அவள் மேல் வைத்தேன். பந்தி போய்விட்டது, சனம் போய்விட்டது. அவள் மட்டும் நிற்கிறாள். சாம்பார் வாளியைக் கீழே வைக்கிறாள். விலாவுக்குக் கீழே கையை அழுத்திக்கொண்டு, நெற்றியைத் தூணில் முட்டிக்கொண்டு நிற்கிறாள். வாயை இறுகக் கடித்திருக்கிறாள். அப்போது என் குரல் கேட்கிறது மதினி. “ஜெயா, தூணுகிட்ட என்ன சோலி? இங்கிட்டு வா, மூஞ்சியே விழுக மாட்டேங்குது.” அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு, நடுவில் வந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

அந்தச் சிரிப்பை நான் நிறையத் தரம் பார்த்திருக்கிறேன். அதற்கு முந்தினதை இப்போதுதான் பார்க்கிறேன்.

அப்புறம் கடைசிப் பந்தியில் உட்காருகிறாள். எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறாள். பிசைகிறாள். ஒரு வாய்கூடத் தின்னாமல் இலையை மடித்துவிடுகிறாள்.

ஆடி மாசம்தான் என்னிடம் சொன்னாள். அது சத்தியம். தை மாசமே வலித்திருக்கிறது. அதுவும் சத்தியம். நீங்கள் கோளாறான படத்தைப் பார்த்துத்தான் சொன்னீர்கள், ஆனால் சரியாகச் சொல்லிவிட்டீர்கள்.

நீங்கள் பயந்ததையும் செய்தேன், மறைக்கவில்லை. தூணையும் இலையையும் வெட்டிவிட்டு ஒரு டிஸ்க் எழுதினேன். அருமையாக வந்தது. ஒரு ஒட்டுத் தெரியவில்லை. அதைப் பார்த்தால் அந்த வாரமே சுகன்யாவைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பீர்கள். கவரில் போட்டு உங்கள் பெயரும் எழுதிவிட்டேன். ஒட்டன்சத்திரம் வரை போய், மண்டி வாசலில் பழனிமுத்து கையை நீட்டும்போது கொடுக்க முடியவில்லை. திரும்பி வந்து உடைத்துப்போட்டேன். அவளுக்கு வலித்தது என்பதற்கு உலகத்தில் இருக்கிற ஒரே சாட்சி அந்தத் தூணடி. அதையும் நானே அழித்துவிட்டால் நான் மனுசனே இல்லை.

உங்கள் நிபந்தனை எனக்கு ஞாபகம் இருக்கிறது. பிள்ளையைக் கேட்டு இனி எழுத மாட்டேன். நீங்கள் சொல்கிறபடி ஆகட்டும். பார்க்க மட்டும் விடுங்கள்.

குமாரவேல்


மன்னவனூர்
6 மே 2014

தம்பி,

உடனே எழுதாததற்குத் தப்பாக நினைக்க வேண்டாம். எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன்.

முதலில் நான் தனியாகப் பார்த்தேன். தூண் வருகிற இடத்தில் நிறுத்த நினைத்தேன், ரிமோட் இல்லாததால் ஓடிக்கொண்டே இருந்தது. எழுந்து போய் நான் அணைக்கவும் இல்லை. உங்கள் குரல் கேட்டபோது உங்களை அப்படியே வெட்டிப்போடலாம் போல ஆத்திரம் வந்தது. இன்னும் போகவில்லை. உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். மன்னிப்பேன் என்று காத்திருக்கவும் வேண்டாம்.

ஆனால் ஒன்று. அன்றைக்கு நான் வந்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன், தீட்டு வந்து கெடுத்தது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து சிரிக்கிறாளே, அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எனக்கே நிச்சயமில்லை. என் முன்னாலும் அப்படித்தான் சிரித்திருப்பாள், பாவி.

மறுநாள் சுகன்யாவைக் குளிப்பாட்டி, தலை வாரி, உட்காரவைத்து முதல் டிஸ்க்கைப் போட்டேன். நீங்கள் எழுதின மாதிரியே, பெட்டி முழுக்க, வட்ட முகமாக, மூக்குத்தி மின்ன ஜெயா வந்து நின்றாள். பிள்ளை வாயில் விரலை வைத்துக்கொண்டு பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். மறுபடியும் டி.வி.யைப் பார்த்தாள்.

“ஐ, பெரியம்மா! நீங்க எப்ப டி.வி.ல வந்தீங்க?”

அவளுக்குத் தெரிந்த அம்மா ஒட்டின கன்னமும் குச்சிக் கையுமாகக் கட்டிலில் படுத்திருந்தவள்தான். நன்றாக இருந்த அம்மாவை அவளுக்கு ஞாபகமே இல்லை, தம்பி. நன்றாக இருக்கிற முகமாக அவள் தினமும் பார்ப்பது என் முகத்தைத்தான்.

இல்லடி, அது உங்க அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு முழுசையும் பார்த்தாள். “அதுல என்னைத் தூக்கி வச்சிருக்கீங்கள்ல, அதே மாதிரித் தூக்குங்க” என்றாள். தூக்கினேன். இடுப்பில் வைத்துக்கொண்டே வீட்டு வேலையெல்லாம் பார்த்தேன். அன்றைக்கெல்லாம் எனக்கு அது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

பக்கத்து வீட்டுக் கந்தம்மாள் மோர் வாங்க வந்தாள். அவளைக் கையைப் பிடித்து இழுத்துப்போய், “எங்க பெரியம்மா எனக்குக் காது குத்துனாங்க, வந்து பாருங்க” என்று காட்டினாள். கந்தம்மாள் டி.வி.யைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளும் எங்கள் பிறந்த ஊர்க்காரிதான், ஜெயாவைப் பிறந்ததிலிருந்து தெரியும். நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கவே இல்லை.

அப்போதுதான் எனக்கு என்னைக் கண்டே பயம் வந்தது. இன்னும் ஒரு வருஷம் பிள்ளை இங்கே இருந்தால், என் தங்கச்சி இருந்ததற்கே அடையாளம் இல்லாமல் போய்விடும். அதை யாரும் செய்ய வேண்டாம், நான் சும்மா பூண்டு உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே போதும்.

வருகிற திங்கட்கிழமை சுகன்யாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். கொடைக்கானல் போய், அங்கிருந்து வடகவுஞ்சி வழியாக இறங்குகிற பஸ்ஸில் பழனி வந்துவிடுவோம். உங்களை நம்பி விடுகிறேன் என்று நினைக்காதீர்கள். அவளுக்காக விடுகிறேன். துணிமணி எல்லாம் மூட்டையில் இருக்கும். வெந்நீர் சூடு தாங்க மாட்டாள், ஆற்றி ஊற்றுங்கள். காய்ச்சல் வந்தால் சொல்லமாட்டாள், சாப்பாட்டைத் தள்ளுவாள், அதை வைத்துக் கண்டுபிடியுங்கள். கவனமாகப் பாருங்கள், தம்பி. சிரித்தாலும் பாருங்கள்.

டிஸ்க்குகளையும் கொண்டுவருகிறேன். என் வீட்டில் அவை இருக்கக் கூடாது. உங்கள் அகல டி.வி.யில் போட்டு, இதுதான் அம்மா என்று நீங்கள் சொல்லிக்கொடுங்கள். ஒரு தரத்தில் நம்பமாட்டாள், திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். நான் வாசலில் இறக்கிவிட்டுவிட்டு அடுத்த பஸ் ஏறிவிடுவேன். இருந்துவிட்டுப் போங்கள், காப்பி சாப்பிடுங்கள் என்று கூப்பிடாதீர்கள். நான் பக்கத்தில் நின்றால் அவளுக்கு அது அம்மா ஆகாது.

புவனா